சாப்பாடு சுமந்த மாணவர்கள் - டோர்டாஷ் கம்பெனியின் கதை

ஒரு கம்பெனி தொடங்க என்னவெல்லாம் வேண்டும்? கையில் முதல் வேண்டும், ஆள் வேண்டும், அலுவலகம் வேண்டும், மென்பொருள் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 2013 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நான்கு பேரிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் ஒரு மதிய நேரத்தில் அவசரமாகக் கட்டிய ஒரு இணையப் பக்கம். அதில் பாலோ ஆல்ட்டோ ஊரிலிருந்த சில உணவகங்களின் மெனு அட்டைகள், இணையத்தில் கிடைத்த பிடிஎஃப் கோப்புகளாக அப்படியே ஒட்டப்பட்டிருந்தன. கீழே ஒரு தொலைபேசி எண். பெயர் 'பாலோ ஆல்ட்டோ டெலிவரி'. அவ்வளவுதான்.

ஆர்டர் செய்ய பொத்தான் கிடையாது. பணம் கட்ட வழி கிடையாது. அந்த எண்ணுக்குப் போன் செய்து வேண்டியதைச் சொல்ல வேண்டும். யாராவது கூப்பிடுவார்களா என்று பார்ப்பதற்காகத்தான் போட்டார்கள். ஒரு மணி நேரம் ஆவதற்குள் போன் அடித்தது! எதிர்முனையில் இருந்தவருக்கு 'பேட் தாய்' என்கிற தாய்லாந்து நூடுல்ஸ் வேண்டுமாம். கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே அவர்களே கடைக்குப் போய் வாங்கிக் காரில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இந்தக் கதையின் மற்ற எல்லாவற்றையும்விட அந்த முதல் பொட்டலம்தான் முக்கியமானது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நான்கு பேரில் டோனி ஷூ, எவன் மோர் இருவரும் மேலாண்மைப் பட்டம் படித்தவர்கள். ஸ்டான்லி டாங், ஆண்டி ஃபாங் இருவரும் கணினியியல் இளங்கலை மாணவர்கள். 2012 இறுதியில் 'ஸ்டார்ட்அப் கராஜ்' என்ற பாடத்துக்காகச் சேர்ந்தவர்கள், சிறு கடைக்காரர்களுக்கு ஏதாவது மென்பொருள் செய்யலாம் என்று கடை கடையாக ஏறி இறங்கிப் பேட்டி எடுத்தார்கள். அப்படிப் போன கடைகளில் ஒன்று மக்கரோன் விற்பது. (நம் தூத்துக்குடி மக்ரூனுக்குத் தூரத்து உறவு. ஆனால் அங்கே கலர் கலராக இருக்கும், விலையும் அதிகம்.) பேட்டி முடிகிற நேரத்தில் கடையை நடத்தி வந்த பெண்மணி ஒரு தடித்த நோட்டை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக டெலிவரி ஆர்டர்கள். பல ஆர்டர்களை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை, இருக்கிற கொஞ்சத்தையும் தானே சுமக்க வேண்டியிருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கடைக்காரர்களைப் பார்த்தபோது, திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது இதே புலம்பல்தான்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். 2012இல் அமெரிக்காவில் இணையத்தில் சாப்பாடு ஆர்டர் செய்ய வழியே இல்லையா என்ன? தாராளமாக இருந்தது. 'வேர்ல்ட் வைட் வெயிட்டர்' என்ற தளம் கலிஃபோர்னியாவில் 1995லேயே வந்துவிட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1997இல் 'கேம்பஸ்ஃபுட்' பிறந்தது. அதுவும் மாணவர் விடுதிப் பசியில் பிறந்ததுதான். 2004இல் சிகாகோவில் 'க்ரப்ஹப்' வந்தது. பின்னாளில் 2011இல் கேம்பஸ்ஃபுட்டையும் அதுவே வாங்கிக்கொண்டது.

ஆனால் இவை செய்தது பெரும்பாலும் ஒரே வேலைதான். வாடிக்கையாளர் சொல்வதைக் கடைக்கு எடுத்துச் சொல்வது. சாப்பாட்டைச் சுமந்துபோவது கடையின் பாடு. பீட்சா கடைக்கும் சீன உணவகத்துக்கும் சொந்தமாக டெலிவரி ஆள் இருந்ததால் அங்கே இது நடந்தது. நாளுக்கு ஏழெட்டு ஆர்டர் வருகிற சிறு கடை அதற்காக ஒரு ஆளையும் வண்டியையும் வைத்துக் கட்டுப்படியாகுமா? ஆகாது. ஆக அமெரிக்காவின் பெருவாரியான உணவகங்கள் டெலிவரி என்கிற பேச்சையே எடுக்கவில்லை.

சுமக்கும் வேலையைக் கையில் எடுத்தவர்கள் முன்பும் இருந்தார்கள். நியூயார்க்கில் 1998இல் தொடங்கிய 'கோஸ்மோ' எதை ஆர்டர் செய்தாலும் ஒரு மணி நேரத்தில், அதுவும் இலவசமாக, கொண்டுவந்து கொடுத்தது. ஒரு ஐஸ்கிரீமுக்குக்கூட ஆள் வருவான்! முதலீட்டாளர்களின் பணம் இருபத்தைந்து கோடி டாலருக்கு மேல் கரைந்தபின் 2001 ஏப்ரலில் கடையை மூடினார்கள். ஆகவே பத்து வருடம் கழித்தும் சிலிக்கான் பள்ளத்தாக்கில் 'டெலிவரி' என்றால் பணமுள்ளவர்கள் முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை. இணையத்தில் ஆர்டர் வாங்குவது லாபம், தெருவில் சுமப்பது நஷ்டம் என்பதுதான் அன்றைய பாடம்.

இந்தப் பாடத்தை நான்கு மாணவர்களும் மதிக்கவில்லை என்று சொல்வதைவிட, அதைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதே சரி. போன் அடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஆர்டர் வரும். பேராசிரியருக்குத் தெரியாமல் வெளியே போய் எடுக்க வேண்டும். கணக்கு எழுத கூகிள் டாக்ஸ். பணம் வாங்க 'ஸ்கொயர்' என்ற சிறு அட்டைக் கருவி. யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று பார்க்க, நண்பர்கள் இருக்குமிடம் காட்டும் ஆப்பிள் செயலி. பல்கலைக்கழகத்துக்கு எதிரே போகும் யுனிவர்சிட்டி அவென்யூவில் நின்று நோட்டீஸ் விநியோகித்ததும் அவர்களே. இரவு எல்லாம் முடிந்தபின், அன்று வாங்கிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதி, சாப்பாடு எப்படி இருந்தது, எங்களைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்டார்கள்.

ஒரு முறை ஸ்கொயர் நிறுவனம் இவர்களுடைய கணக்கையே முடக்கிவிட்டது. ஏதோ திருட்டுப் பணம் கைமாறுகிறது என்று சந்தேகம்! டோனி ஷூ அங்கே வேலை பார்த்திருந்ததால் உள்ளே ஆளைப் பிடித்து விஷயத்தைச் சரிசெய்தார். (2019இல் அதே ஸ்கொயரிடமிருந்து 'கேவியர்' என்ற டெலிவரி சேவையை 41 கோடி டாலருக்கு இவர்கள் விலைக்கு வாங்கினார்கள் என்பது தனிக்கதை.)

இப்படிக் கையாலேயே எல்லாம் செய்ததில் ஒரு லாபம் இருந்தது. எந்தக் கடையில் எந்த நேரத்தில் சமையல் தாமதமாகும், எந்த வீட்டுக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும், ஒருவர் ஒரே நடையில் எத்தனை பொட்டலம் எடுக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு உடம்பாலேயே தெரிந்துவிட்டது. பிறகு இதைச் செய்ய மென்பொருள் எழுதியபோது என்ன எழுத வேண்டும் என்று யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாம் சான் ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க் போன்ற நெரிசல் நகரங்களில் அடித்துக்கொண்டிருக்க, பாலோ ஆல்ட்டோ மாதிரியான புறநகரில் வண்டி நிறுத்த இடம் எளிதாகக் கிடைக்கிறது, குடும்பத்துக்கே சேர்த்து வாங்குகிறார்கள், வீட்டு வாசலில் வேறு கடையும் இல்லை. டோர்டாஷ் பிற்பாடு போட்டியாளர்களைத் தாண்டியதற்குப் பெரிய காரணம் இந்தப் புறநகர்க் கணக்குதான். இதைக் கண்டுபிடித்ததில் மேதைத்தனம் எதுவும் இல்லை. படித்த இடம் அப்படி அமைந்தது!

2013 கோடையில் ஒய் காம்பினேட்டர் என்ற முதலீட்டு அமைப்பில் இடம் கிடைத்தது. பெயரும் 'டோர்டாஷ்' ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டு மைதானத்தில் ஒரு கால்பந்துப் போட்டி (அமெரிக்கக் கால்பந்து, நம்முடையது அல்ல). ஆட்டம் முடிந்த கையோடு ஊரே ஒரே நேரத்தில் சாப்பாடு கேட்டது. எல்லா ஆர்டரும் தாமதம். திட்டு வாங்கித் தீர்ந்தபின் நால்வரும் உட்கார்ந்து பேசினார்கள். தாமதமான அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு. யாரும் அப்படிக் கேட்கவில்லை. கம்பெனியின் வங்கிக் கணக்கில் இருந்ததில் 40 சதவீதம் அன்றிரவே போய்விட்டது. அத்தோடு விடாமல், இரவெல்லாம் பிஸ்கட் சுட்டு, விடிகாலை 5 மணிக்கு அந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

டோனி ஷூ பல மேடைகளில் சொன்ன கதை இது. நல்ல கதைதான். வாடிக்கையாளருக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கம்பெனி தன் தலையில் போட்டுக்கொண்ட கதை. ஆனால் அன்று வாடிக்கையாளர், கடை, கம்பெனி என்று மூன்று தரப்புதான் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். நான்காவது தரப்பான சுமப்பவரும் கம்பெனியும் அநேகமாக ஒரே ஆட்கள். சுமப்பவருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியே பெரிதாக எழவில்லை. தனக்குத்தானே யாராவது கூலி பேசுவார்களா?

டோனி ஷூவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சீனாவில் நான்ஜிங் நகரில் பிறந்தவர். ஐந்து வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தார். தந்தை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். தாய் சீனாவில் மருத்துவர். அந்தப் பட்டம் அமெரிக்காவில் செல்லாது. ஆகவே அவர் ஒரு சீன உணவகத்தில் பரிமாறும் வேலைக்குப் போனார். சிறுவன் டோனி அதே உணவகத்தில் பாத்திரம் கழுவினான். மூன்று வேலைகள் பார்த்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்து, கடைசியில் அந்தத் தாய் சொந்தமாக ஒரு மருத்துவ நிலையம் திறந்தார். 2020இல் பங்குச் சந்தையில் பதிவு செய்தபோது தந்த ஆவணத்தில் டோனி ஷூ இதையெல்லாம் எழுதி, தன் தாயைப் போன்றவர்களுக்காகவே இந்தக் கம்பெனி என்றார்.

அமெரிக்காவில் உணவகத்தில் பரிமாறுகிறவரின் வாழ்க்கை டிப்ஸில் ஓடுகிறது. அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி டிப்ஸில் வந்துவிட்டால் கணக்கு நேர். இந்த 2.13 என்ற எண் 1991இலிருந்து மாறவில்லை. அதாவது மேசையில் வாடிக்கையாளர் வைத்துவிட்டுப் போகும் காசில் ஒரு பங்கு, சுற்றி வளைத்து முதலாளியின் பைக்குத்தான் போகிறது.

2017இல் டோர்டாஷ் தன் டெலிவரி ஆட்களுக்கு ('டாஷர்' என்று பெயர்) ஒரு புதிய கூலி முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் இவ்வளவு கட்டாயம் கிடைக்கும் என்று முன்கூட்டியே திரையில் காட்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த கணக்கு இப்படி. திரையில் 7 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் டிப்ஸ் எதுவும் தராவிட்டால் 7 டாலரையும் கம்பெனி தரும். அவர் மனமிரங்கி 3 டாலர் டிப்ஸ் போட்டால் கம்பெனி 4 டாலர் தரும். டாஷருக்கு அப்போதும் 7தான்! மழையில் நனைந்து வந்த பையனுக்கு என்று நினைத்து அவர் போட்ட மூன்று டாலர், கம்பெனிக்கு மிச்சமானது. டிப்ஸ் மிக அதிகமாக இருந்தால் மட்டுமே மேற்கொண்டு கைக்கு வரும்.

பரிமாறும் தொழிலாளியின் மகன் நடத்திய கம்பெனி, பரிமாறும் தொழிலாளியின் டிப்ஸுக்கு நடப்பதையே தன் ஆட்களுக்கும் செய்தது. இதைத் திட்டமிட்ட துரோகம் என்று சொல்வது எளிது. உண்மை அதைவிடச் சாதாரணமாக இருக்கலாம். ஒரு பொட்டலத்தைச் சுமக்கும் செலவு யாராவது ஒருவர் தலையில் விழுந்தாக வேண்டும். கடைக்காரர் ஏற்கெனவே ஆர்டர் தொகையில் 30 சதவீதம் வரை கமிஷன் கட்டிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளரிடம் கட்டணத்தைக் கூட்டினால் அடுத்த செயலிக்குப் போய்விடுவார். அத்தனைக்குப் பிறகும் 2019இல் டோர்டாஷின் நஷ்டம் 66.7 கோடி டாலர். எஞ்சியது சுமப்பவர் ஒருவர்தான். கோஸ்மோ தீர்க்காமல் விட்டுப்போன அதே கணக்கு. 2013இல் நால்வரும் தாங்களே சுமந்ததால் மறைந்திருந்தது, அவ்வளவே.

2019 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர் தானே டெலிவரி வேலை பார்த்து இந்த டிப்ஸ் கணக்கை எழுத, பெரும் சத்தம் எழுந்தது. சில நாட்களுக்குள் டோனி ஷூ முறையை மாற்றுவதாக அறிவித்தார். செப்டம்பரில் மாறியது.

இது ஒரு ஊரின், ஒரு கம்பெனியின் குணம் என்று நினைத்தால் தவறு. பாலோ ஆல்ட்டோவுக்கு ஐந்து வருடம் முன்பே, 2008இல், சீனாவின் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகத்தில் இதே கதை நடந்திருக்கிறது. ஜாங் ஷூஹாவ் என்ற முதுகலை மாணவரும் அவருடைய நண்பர்களும் விடுதி அறையில் ராத்திரி கணினி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தபோது பசி எடுத்தது. போன் செய்து பார்த்தால் எந்தக் கடையும் கொண்டுவந்து தரத் தயாராக இல்லை. அதிலிருந்து பிறந்தது 'அலமா'. சீன மொழியில் 'பசிக்குதா?' என்று அர்த்தம்! அவர்களும் முதலில் போனில் ஆர்டர் வாங்கித் தாங்களே சுமந்தவர்கள்தான். 2018இல் அலிபாபா 950 கோடி டாலர் மதிப்பில் அதை வாங்கியது. 2020 செப்டம்பரில் சீனப் பத்திரிகை ஒன்று, செயலி விதிக்கும் நேரக்கெடுவுக்குள் ஓட டெலிவரி ஆட்கள் சிவப்பு விளக்கைத் தாண்டி எப்படி அடிபடுகிறார்கள் என்று விரிவாக எழுதியது. அலமாவின் பதில் என்ன தெரியுமா? செயலியில் ஒரு பொத்தான் வைப்பார்களாம். 'ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்கிறேன்' என்று வாடிக்கையாளர் விரும்பினால் அழுத்தலாம். நேரத்தை நிர்ணயித்தது கம்பெனி, இரக்கம் காட்ட வேண்டியது வாடிக்கையாளரா என்று சீன இணையம் கொதித்தது. டிப்ஸ் கணக்கும் பொத்தானும் வேறு வேறு மாதிரி தெரிந்தாலும், இரண்டிலும் கம்பெனி தன் பங்கை வாடிக்கையாளரின் நல்ல மனதிடம் தள்ளிவிட்டது.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். 2020இல் பெருந்தொற்று வந்து உணவகங்கள் எல்லாம் மூட, டெலிவரி மட்டும் ஓடியது. டோர்டாஷ் அமெரிக்கச் சந்தையில் பாதியைப் பிடித்தது. கமிஷன் தாங்காமல் கடைக்காரர்கள் கூக்குரலிட, சான் ஃபிரான்சிஸ்கோ முதலான நகரங்கள் 15 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு போட்டன. நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. டெலிவரி ஆட்களும் வாடகைக் கார் ஓட்டுநர்களும் கம்பெனியின் ஊழியர்கள் அல்ல, சுயதொழில் செய்பவர்களே என்று ஆக்கும் 22ஆவது முன்மொழிவு அது. ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் முதலிய கம்பெனிகள் சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் பிரசாரத்துக்குச் செலவழித்தன. ஜெயித்தன. அடுத்த மாதமே, டிசம்பர் 9 அன்று, டோர்டாஷ் பங்குச் சந்தைக்கு வந்தது. 102 டாலருக்கு விற்ற பங்கு அன்று மாலை 189.51இல் முடிந்தது. நால்வரில் எவன் மோர் அதற்கு முன்பே விலகிவிட்டிருந்தார். மற்ற மூவரும் அன்று கோடீஸ்வரர்கள்.

டோர்டாஷில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களும் அவ்வப்போது ஒரு டெலிவரி செய்ய வேண்டும். ஆரம்ப நாட்களின் நினைவாக வைத்தது. பெருந்தொற்றில் நின்றிருந்த இதை 2022 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு முறை என்று திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். உடனே, பெயர் சொல்லாமல் எழுதும் தளம் ஒன்றில் அங்குள்ள பொறியாளர் ஒருவர், நான் இதற்கா வேலைக்குச் சேர்ந்தேன் என்று பொரிந்து தள்ள, அது செய்தியாகிவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன் இதே கம்பெனியில் பொறியாளர் செய்த வேலையே அதுதான் என்பதை அவருக்கு யாராவது சொன்னார்களா தெரியவில்லை.

டிப்ஸ் விவகாரம் அதோடு முடியவில்லை. வாஷிங்டன் நகர அரசு வழக்குப் போட்டு 2020இல் 25 லட்சம் டாலர் வாங்கியது. நியூயார்க் மாநிலம் தன் விசாரணையை முடிக்க 2025 பிப்ரவரி ஆகிவிட்டது. 1 கோடியே 67.5 லட்சம் டாலர் தர டோர்டாஷ் ஒப்புக்கொண்டது. 2017 மே முதல் 2019 செப்டம்பர் வரை அந்த மாநிலத்தின் தெருக்களில் பொட்டலம் சுமந்த 60,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, அவர்கள் வீட்டு வாசலில் என்றோ கிடைத்திருக்க வேண்டிய டிப்ஸ் அது.